ஆறு வரும் நேரம்

வால்பாறையிலிருந்து சாலக்குடிக்கு இறங்கும் சாலை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தேயிலைத் தோட்டங்களில் தொடங்கி மழைக்காட்டுக்குள் புகுந்து, ரப்பரும் ஜாதிக்காய்த் தோப்புமாகச் சரிந்து, திருச்சூர் மாவட்டத்தின் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஒரு வியாபார நகரத்தில் போய் முடிகிறது. வழி நெடுக ஒரே நீர்தான் துணைக்கு வருகிறது. மேலே அதற்குச் சோலையாறு என்று பெயர், கீழே சாலக்குடிப் புழை. சுமார் 145 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ஏற்கெனவே ஆறு அணைகள் நிற்கின்றன. ஏழாவதாக வாழச்சாலில் ஒன்று கட்டலாமா, கூடாதா என்பதுதான் அந்த நகரத்தை ஒரு தலைமுறைக்கும் மேலாக அலைக்கழிக்கும் கேள்வி.

மாசிக் கடைசியில் போனேன். அதிரப்பள்ளி அருவியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் போவார்கள். ஆற்றின் நிலைமையைப் பார்க்கக் கோடைதான் சரியான காலம். வெள்ளம் புரளும்போது எந்த ஆற்றுக்கும் குறை தெரியாது.

முதலில் வருவது நம்முடைய அணை. மேல்சோலையாறு அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 160 அடி. கோவை, திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் தினமும் செய்தித்தாளில் தேடும் எண் அது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் முக்கிய அணைகளில் இது ஒன்று. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பிய பெரும் வேலை அந்தத் திட்டம். காமராஜர் ஆட்சியில் தொடங்கியது. இரு மாநில ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பு தமிழ்நாட்டின் பொறுப்பு. இந்த நீரால் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் இளநீர் குடிக்கும்போது அதில் சாலக்குடி ஆற்றின் பங்கும் இருக்கிறது. சாலக்குடியின் வழக்கை நாம் வேற்றூர்ச் செய்தியாகப் படிக்க முடியாது. கீழே ஓடும் ஆற்றின் அளவைத் தீர்மானித்தவர்களில் நாமும் உண்டு.

எல்லை தாண்டியதும் மலக்கப்பாறை. கேரளத்து ஊர்தான், ஆனால் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சோதனைச் சாவடிக்குப் பக்கத்து டீக்கடையில் பேச்செல்லாம் தமிழில்தான் நடந்தது. கீழே அணை கட்டப்போவதாகச் சொன்னார்களே, அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"அது கீழ உள்ளவங்க சண்ட தம்பி. மழ புடிச்சா இங்க மரம் விழுந்து கரண்ட்டு போயிரும். ரெண்டு நாளு, மூணு நாளு இருட்டுதான். போன வருசம் பேத்தி மெழுகுவத்தி வெளிச்சத்துல பரீட்சைக்குப் படிச்சா."

இந்தப் பேச்சையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் காட்டுக்குள் போனேன். ஆற்றைக் காக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பேத்தியை மறந்துவிட்டு எழுதக் கூடாது. ஆனால் மலக்கப்பாறையின் இருட்டுக்குக் காரணம் அறுந்த கம்பி. பக்கத்திலேயே ஒரு சோலையாறு மின்நிலையம் 54 மெகாவாட் திறனோடு 1960களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே இருட்டு இருக்கிறது என்றால், அதைத் தீர்க்கும் வழி இன்னொரு அணையில் இல்லை.

சாவடியில் வண்டி எண்ணும் புறப்படும் நேரமும் குறித்துக்கொண்டு அனுப்புகிறார்கள். அதற்கப்புறம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காடுதான். ஆனைக்கயம் தாண்டிய வளைவொன்றில் பேருந்து நின்றது. முன்னால் யானைக் கூட்டம் கடந்து போயிருந்தது. சாலையில் புதுச் சாணம். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அந்த நிசப்தத்தில்தான் தலைக்கு மேலே அந்த ஓசை கேட்டது. பெரிய துணியை உதறி உதறி மடிப்பதுபோல ஒரு சிறகடிப்பு. இருவாச்சி. மலையாளத்தில் மலைமுழக்கி வேழாம்பல், கேரளத்தின் மாநிலப் பறவை. மாசி, பங்குனியில் பெண்பறவை மரப்பொந்துக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும். ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டிருக்கும். ஆண்பறவை நாளெல்லாம் அத்திப்பழம் சுமந்து வந்து அந்தத் துவாரத்தில் ஊட்டும். ஆண் ஒருநாள் வராமல் போனால் பொந்துக்குள் இருப்பவை பட்டினி. தென்னிந்தியாவின் நான்கு இருவாச்சி இனங்களும் ஒரே காட்டில் வாழும் அரிய இடம் இந்த வாழச்சால் வட்டாரம்.

அந்தப் பொந்துகளுக்குக் காவல் இருப்பவர்கள் காடர்கள். ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்து உண்டவர்கள்தாம். வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் கணக்கெடுத்துக் காக்கும் வேலையை இப்போது இவர்களே செய்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்தில் பறவை இருக்கிறது என்பது காடர் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத மிகச் சிறிய குடி இது. பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று ஒவ்வோர் அணை எழும்போதும் இவர்களுடைய ஊர்கள்தாம் இடம்பெயர்ந்தன. 2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக வன உரிமை கிடைத்தது. அதன்பின் அந்தக் காட்டில் என்ன நடந்தாலும் ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். வாழச்சாலில் அணை வந்தால் வாழச்சால், பொகலப்பாறை ஊர்களைச் சேர்ந்த காடர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். மூன்று முறை நகர்த்தப்பட்ட மக்களை நான்காம் முறையும் நகர்த்துவதற்கு மின்சாரக் கணக்கில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பெரிங்கல்குத்து அணை 1957இலிருந்து இயங்குகிறது. சாலையிலிருந்து பார்த்தால் சாதாரணமான, வயதான அணை. சாலக்குடியின் பிரச்சினையை ஓரளவு இந்த அணையே காட்டிக்கொடுக்கிறது.

நீர்மின் நிலையம் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே ஆற்றில் விட்டுவிடுகிறது, பிறகென்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நஷ்டம் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கேரளத்தில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது மாலை ஆறரை, ஏழு மணியிலிருந்து பத்து, பதினொரு மணி வரை. நீர்மின் நிலையத்தை நினைத்த நிமிடத்தில் ஓட்டலாம், நினைத்தபோது நிறுத்தலாம். அதனால் பகலெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாலையில் திறந்துவிடுவது மின்வாரியத்துக்கு லாபம். கீழே இருக்கும் ஆற்றுக்கோ, கோடையில் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு வெள்ளமும் ஒரு சிறு வறட்சியும். வாழச்சாலில் விடியற்காலையில் ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். பாறைகளில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. தண்ணீர் அதற்கு வெகு கீழே. ஒரு பாறைக் குழியில் இரவு ஏறிவந்த சின்ன மீன்கள் நாலைந்து, வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. வெயில் ஏறினால் அந்தக் குழி சுட்டுவிடும்.

இந்த ஆற்றில் 104 வகை மீன்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு அறிவியல் பெயரிலேயே சாலக்குடி இருக்கிறது. 1999இல் அடையாளம் கண்டு பெயரிட்ட, உடம்பில் சிவப்புக் கோடு ஓடும் கெண்டை இனம் அது. வீட்டுத் தொட்டிகளில் வளர்க்க 'மிஸ் கேரளா' என்று விற்கிறார்களே, அதற்கு மிக நெருங்கிய சொந்தம்; இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. கரையோர மழைக்காடும் அதேபோல அபூர்வமானது. இவ்வளவு தாழ்ந்த உயரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி இப்படி ஒரு பசுமைமாறாக் காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் அநேகமாக வேறெங்கும் மிஞ்சவில்லை. மற்ற இடங்களில் முதலில் அழிந்ததே ஆற்றங்கரைக் காடுகள்தாம்.

அணைக்குக் குறித்த இடம் வாழச்சால் அருவிக்குச் சற்று மேலே. உயரம் 23 மீட்டர்தான், நீளம் 311 மீட்டர். தேங்கும் நீரில் 100 ஹெக்டேருக்கு மேல் காடு மூழ்கும். திட்டம் முழுமைக்கும் கேட்கப்பட்ட வனநிலம் 138 ஹெக்டேருக்கு மேல். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து, அதிரப்பள்ளி அருவியைச் சுற்றிக்கொண்டு போய், கண்ணன்குழியில் மின்நிலையம். மொத்தம் 163 மெகாவாட். ஆண்டு உற்பத்தி 23.3 கோடி யூனிட் என்றது திட்ட அறிக்கை. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேர ஓட்டம் என்று வருகிறது. அதாவது இருபது மணி நேரம் பிடித்து வைத்து, நான்கு மணி நேரம் திறந்துவிடும் திட்டம். பெரிங்கல்குத்தில் இப்போது நடப்பதன் பெரிய வடிவம்.

அருவி வற்றாது என்று மின்வாரியம் உறுதி சொன்னது. அணையடியில் ஒரு சிறு மின்நிலையம் வைத்து விநாடிக்கு 7.65 கனமீட்டர் நீர் அருவிக்கு விடப்படும் என்றார்கள். அதிரப்பள்ளியைத் தமிழ் சினிமா பார்த்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'புன்னகை மன்னன்' படத்தில் கமலும் ரேகாவும் கைகோத்து நின்ற விளிம்பு இதுதான். கோடையில் ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து இரண்டு, மூன்று பிரிவாக விழுகிறது. அடியில் நின்றவர்கள் முகமெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். சீட்டுக் கொடுப்பதும், குப்பை பொறுக்குவதும், காவல் நிற்பதும் வன சமிதியைச் சேர்ந்த உள்ளூர் மக்கள். அருவியைச் சுற்றுலாவுக்காக மட்டும் காக்க வேண்டும் என்று பேசினால் வாதம் மெலிந்துவிடும். குழாயைத் திறந்து விடுவதுபோல அளந்து விட்டாலும் அருவி விழத்தான் செய்யும். படத்துக்கும் அழகாகத்தான் இருக்கும். உண்மையான விலையைக் கொடுப்பவர்கள் இன்னும் கீழே இருக்கிறார்கள்.

தும்பூர்முழி அங்கிருந்து சற்றுத் தூரம். ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. இரு கரையிலும் வாய்க்கால் பிரிகிறது. 1950களில் வந்த சாலக்குடி ஆற்றுத் திருப்புத் திட்டம் இது. சுமார் 14,000 ஹெக்டேர் பாசனம் இதை நம்பியிருக்கிறது. நெல் குறைந்துவிட்டது, பெரும்பாலும் ஜாதிக்காய், வாழை, தென்னை. இங்கே தேக்கி வைக்க இடம் கிடையாது. ஆறு வரும்போது வருகிற நீரை மட்டுமே வாய்க்கால் எடுக்கும். நான்கு மணி நேரத்தில் பாய்ந்து வந்தால் பெரும்பங்கு தடுப்பணையைத் தாண்டிக் கடலுக்குப் போகும். மீதி நேரம் வாய்க்கால் தலைமதகில் தண்ணீர் ஏறவே ஏறாது.

பரியாரம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்காரர் தம் ஜாதிமரங்களுக்கு நடுவே அழைத்துப் போனார். இலைகளுக்குள் பச்சைப் பிஞ்சுகள் எலுமிச்சையில் பாதி அளவில். மரத்தடியில் காம்போடு உதிர்ந்து கிடந்ததில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே விதை இன்னும் வெள்ளையாக, அதன்மேல் பத்திரி வெளிறிய நூல்போலப் படர்ந்திருந்தது. முற்றியிருந்தால் இரத்தச் சிவப்பில் இருந்திருக்கும். கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும்.

"சேட்டா, இது எதனால?"

"வெள்ளம் வைகிப் போயி," என்றார். தண்ணீர் தாமதமாகிவிட்டதாம். எனக்காகத் தமிழில் தொடர்ந்தார். "வாய்க்கா முற பத்து நாளு தள்ளிப்போச்சு சார். ஜாதி தாங்காது. தென்ன தாங்கும்."

திட்டத்தை எதிர்த்தவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கை வயலில் நின்று படித்தவர்கள். டாக்டர் ஏ. லதா வேளாண் அதிகாரியாக இருந்தவர். அரசு வேலையை விட்டுவிட்டு ஆறுகளுக்காக முழுநேரமும் உழைக்க வந்தார்; திருச்சூரில் நதி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சாலக்குடிப் புழை சம்ரக்ஷண சமிதியோடு சேர்ந்து அவரும் எஸ்.பி. ரவியும் செய்த காரியம் எளிமையானது: மின்வாரியத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களை எடுத்து, ஆற்றில் உண்மையில் எவ்வளவு நீர் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று கூட்டிப் பார்த்தார்கள். திட்டம் காட்டிய நீர் ஆற்றில் இல்லை என்று வாதிட்டார்கள். கோஷத்தைவிட அந்தக் கணக்குதான் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது. லதா 2017 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். சாலக்குடியில் அவரைப்பற்றிப் பேசும்போது ஆட்கள் 'லதேச்சி' என்று நேற்று வந்து போனவரைப் போலத்தான் சொல்கிறார்கள்.

வழக்கின் கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1998இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. மக்கள் கருத்துக் கேட்பு சரியாக நடக்கவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2005இல் மறுபடி அனுமதி. 2006இல் மறுபடி ரத்து. அந்த ஆண்டு ஜூனில் சாலக்குடியிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது எதிர்ப்புக் குரலே ஓங்கி ஒலித்தது. ஆனாலும் 2007இல் மூன்றாவது அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு அதிரப்பள்ளியில் மக்கள் சத்தியாகிரகத்தில் உட்கார்ந்தார்கள். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு இங்கே வந்து பார்த்துவிட்டு, இத்திட்டத்துக்கு அனுமதி கூடாது என்று 2011இல் எழுதியது. 2017இல் அனுமதிக் காலம் முடிந்தது. 2020 ஜூனில், ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கியிருந்த நேரத்தில், மாநில அரசு மின்வாரியத்துக்குப் புதிதாகத் தடையில்லாச் சான்று கொடுத்தது. எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. அணை எழவில்லை. காகிதத்தில் அது சாவதுமில்லை.

சாலக்குடி நகரம் காட்டை வைத்து வளர்ந்த ஊர். கொச்சி சமஸ்தானம் இங்கிருந்து பரம்பிக்குளம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை போட்டது; 1907 முதல் 1963 வரை அதில் தேக்கு இறங்கியது. மலையில் இருப்பதெல்லாம் கீழே கொண்டுவரத்தான் என்ற எண்ணத்தில் பிறந்த நகரம், அதே மலையில் ஒரு மரத்தையும் தொடாதே என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறது. நெடுந்தூரம்தான். கலாபவன் மணியின் ஊர் இது. ஆட்டோ ஓட்டிப் பிழைத்துச் சினிமாவுக்குப் போன அவர், கடைசிவரை ஆற்றங்கரையை விடவில்லை. ஆட்டோ நிறுத்தத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

நகரத்தின் மனம் மாறியதில் 2018 ஆகஸ்டுக்கும் பங்கு உண்டு. மேலே அணைகள் நிரம்பியிருந்தன. பெரிங்கல்குத்தில் வெள்ளம் பெரிய பெரிய மரங்களை அடித்துக்கொண்டு வந்து மதகுகளை அடைத்து, அணையின் தலைமேலேயே ஏறி வழிந்தது. அணை உடைந்துவிடும் என்ற பயத்தில் ஒரு நகரமே மேட்டை நோக்கி ஓடியது. ஒரு மளிகைக் கடையில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். என் தலைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் அணை வேண்டும், வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. மேலே இருக்கும் அணைகளை யார், எப்போது திறக்கிறார்கள் என்பது தங்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்றார். அவருக்கும் கவலை நேரத்தைப் பற்றித்தான்.

ஆறு கடைசியாகப் பெரியாற்றோடு சேரும் இளந்திக்கரைப் பக்கமும் போனேன். கோடையில் ஆற்று நீரின் தள்ளுவிசை குறைந்தால் கடல்நீர் மேலேறி வரும். கணக்கன்கடவில் தடுப்பு மதகு இருக்கிறது. அதுபோக ஒவ்வொரு கோடையிலும் மண்ணைக் கொட்டித் தற்காலிகக் கரை போடுகிறார்கள். கரை போடுவது தாமதமானால் கிணறு உப்பாகிறது. ஆற்றோரத்தில் குடிநீர்த் திட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. மலையில் ஏழு மணிக்கு எரியும் விளக்குக்கும் இங்கே கிணற்றுநீரின் ருசிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மின்வாரியத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. சூரிய மின்சாரம் பகலில் வருகிறது; தேவையோ இரவில். ஆனாலும் 23.3 கோடி யூனிட் என்பது மாநிலம் ஆண்டு முழுக்கச் செலவழிப்பதில் ஒரு சதவீதம்கூட வராது. அதுவும் பெரும்பகுதி மழைக்காலத்தில், மற்ற அணைகளும் நிரம்பி ஓடும்போது கிடைப்பது. இதே மாநிலம் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே வரவிருந்த அணையைக் கைவிட்டு 1984இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியது. அதனால் கேரளம் இருண்டு போகவில்லை. இரவுத் தேவைக்குச் சேமிப்புக் கலங்கள் விலை குறைந்து வருகின்றன. இருக்கிற பழைய மின்நிலையங்களைப் புதுப்பிக்க இடம் இருக்கிறது. கரையோர மழைக்காட்டைப் புதுப்பிக்க எந்தப் பொறியாளராலும் ஆகாது. வாழச்சாலில் அணை கூடாது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் கூடாது என்பதோடு நின்றால் ஆறு இப்போது இருக்கும் நிலையிலேயே நிற்கும். சாலக்குடிக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது வேறு ஒன்று: இருக்கிற அணைகளைச் சேர்த்து ஓட்டுங்கள், பெரிங்கல்குத்தைக் கோடையில் நாள் முழுதும் சீராக ஓட்டுங்கள், மாலை உச்சத்தை, கீழே வாய்க்கால் இல்லாத வேறு நிலையங்கள் பார்த்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் பங்கும் இதில் இருக்கிறது. ஒப்பந்தப்படி கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் முதல் தேதியும் பிப்ரவரி முதல் தேதியும் நிறைந்திருக்க வேண்டும், மேலிருந்து 12.3 டி.எம்.சி. வர வேண்டும். வருகிறதா, எப்போது வருகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் தகராறு. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. கணக்கு 1958 நவம்பரிலிருந்து தொடங்கியதால் 1988இலேயே அது நடந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும்போது இரு மாநிலப் பொறியாளர்களோடு வாழச்சால் ஊர்க்கூட்டத்துக்கும், தும்பூர்முழிப் பாசனக்காரர்களுக்கும், பொள்ளாச்சி விவசாயிக்கும் நாற்காலி போட வேண்டும். அது நடக்க இன்னும் ஆண்டுகள் ஆகலாம். பெரிங்கல்குத்தின் மின்நிலையம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை மாற்ற அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மின்வாரியமும் பாசனத் துறையும் உட்கார்ந்து பேசினால், அடுத்த மாசிக்குள் அதைச் செய்துவிட முடியும்.